பதிமூன்றாம் ஆள்

எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் அவர் முழுசாக உட்கார மாட்டார். முதலில் பேண்ட்டின் முழங்கால் மடிப்பை இரண்டு விரலால் லேசாகத் தூக்கிவிட்டுக்கொள்வார். பிறகு நாற்காலியின் முன்விளிம்பில் ஒரு சாண் இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, முதுகு எதிலும் படாமல், வலது காலை அரை அடி முன்னால் வைத்து உட்காருவார். கையில் பை இருந்தால் தரையில் வைக்க மாட்டார். மடியில் வைத்து அதன் காதைப் பிடித்துக்கொள்வார். பல் டாக்டரின் காத்திருப்பு அறை, பஸ், மகளின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம், எங்கே ஆனாலும் இதே கதைதான். "சாய்ஞ்சுதான் உட்காருங்களேன், நாற்காலி கடிக்கவா போகுது?" என்று மனைவி கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள். சாய்ந்தால் சட்டை கசங்கும். திடீரென்று கூப்பிட்டால் கசங்கிய சட்டையோடு எழுந்து நிற்க முடியுமா? முப்பது வருஷமாக யாரும் கூப்பிடவில்லை என்பது வேறு விஷயம்.

விமானப் பிரிவு கேடட் படையின் அலுவலகத்தில் அவர் ஸ்டோர்கீப்பர். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாரத்தில் இரண்டு நாள் வந்து பரேட் பழகி, அட்டையிலும் கட்டையிலும் குட்டி விமானம் ஒட்டி, வருஷத்துக்கு ஒரு முறை கிளைடரில் ஏறி ஏழு நிமிஷம் பறந்துவிட்டு இறங்குகிற படை. அவர்களுடைய தொப்பி, பெல்ட், பூட்ஸ், கூடாரம், தண்ணீர்க் குடுவை எல்லாம் அந்துருண்டை வாசம் அடிக்கும் ஒரு நீள அறையில் அவர் பொறுப்பில் கிடந்தன. சீட்டு இல்லாமல் அங்கிருந்து ஒரு ஷூ லேஸ்கூட வெளியே போகாது. வாயால் கேட்டால் அவருக்குக் காது கேட்காது. பழைய பெயர்ப் பட்டியல்களின் நீலத் தாளை உள்ளங்கை அகலத்துக்குக் கிழித்து வைத்திருப்பார். அதில் எழுதிக் கொடுத்தால்தான் கை அலமாரிப் பக்கம் போகும்.

தெருவில் அவருக்கு 'ஃபாரின்' என்று பட்டப்பெயர். ஆபீஸில் 'பதிமூணு'. இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தான். ஒன்று பொய், மற்றது நிஜம்.

இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பரிமாற்றப் பயணம் வரும். இங்கிருந்து பன்னிரண்டு கேடட்கள் வெளிநாட்டுக்குப் போவார்கள்; அங்கிருந்து பன்னிரண்டு பேர் இங்கே வருவார்கள். பத்து நாள். இரண்டிரண்டு பேராக அந்த ஊர்க்காரர்கள் வீட்டில் தங்குவது, கிளைடர் ஓட்டுவது, கோட்டுப் போட்டுக்கொண்டு மேடையில் பாடுவது. இரண்டு முகாம் வைத்துச் சலித்து எடுப்பார்கள். சலித்த பிறகும் ஒரு ஆளைக் கூடுதலாக வைத்துக்கொள்வார்கள். பன்னிரண்டு பேரில் யாருக்காவது காய்ச்சல் கண்டால், காது அடைத்தால், வீட்டில் சாவு விழுந்தால், அந்த இடத்துக்குப் போக ஒரு ஆள் வேண்டாமா? அந்தக் கூடுதல் ஆள்தான் பதிமூன்றாம் ஆள்.

அவருக்கும் பாஸ்போர்ட் எடுப்பார்கள், விசா குத்துவார்கள், ஊசி போடுவார்கள், கோட்டும் கொடுப்பார்கள். பன்னிரண்டு பேரின் பெயர்ப் பட்டையைக் கோட்டில் தைத்துவிடுவார்கள். பதிமூன்றாவதை மட்டும் ஊக்கால் குத்திக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அந்தக் கோட்டு ஸ்டோருக்குத் திரும்பி வரவேண்டியது. மற்றவர்களுக்கு அவரவர் இடம் தெரிந்தால் போதும். பதிமூன்றாம் ஆளுக்கு எல்லார் இடமும் தெரியணும்: மேடைப் பாட்டில் யாருக்கு எந்த வரி, அணிவகுப்பில் யார் எந்த அடியில் திரும்புவார், எல்லாம். பெட்டியோடு ஏர்போர்ட் வரைக்கும் போகவேண்டும். பன்னிரண்டு பேரும் கண்ணாடிக் கதவைத் தாண்டி உள்ளே போனதும், அதே வேனில் ஏறி வீட்டுக்கு வந்துவிட வேண்டும்.

பதினாறு வயதில், கேடட்டாக இருந்தபோது, ஸ்டோர்கீப்பரும் அப்படித்தான் திரும்பி வந்தார். அம்மாவுக்கு இந்த நுணுக்கமெல்லாம் மண்டையில் ஏறவில்லை. பாஸ்போர்ட் வந்தாச்சு, கோட்டு வந்தாச்சு, பிறகென்ன? "எம்புள்ள ஏரோப்ளேன் ஏறப் போறான்" என்று தெருவில் ஒரு வீடு பாக்கி வைக்காமல் சொல்லிவிட்டாள். ஏர்போர்ட்டிலிருந்து வேன் திரும்பியபோது தெருவுக்கு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே அப்பா நின்றுகொண்டிருந்தார். ஆபீஸுக்குப் போன் பண்ணி விஷயத்தைத் தெரிந்துகொண்டிருக்கிறார்.

"தெருப் பக்கம் வராதே. நேரா சித்தப்பா வீட்டுக்குப் போ. பத்து நாள் கழிச்சு வா."

"எதுக்குப்பா?"

"உங்கம்மா ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சு வச்சிருக்கா. நாளைக்கு நான் வெளிய தலை காட்ட வேண்டாமா?"

சித்தப்பா வீட்டு மாடி அறையில் பத்து நாள். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். "ஃபாரின் விருந்தாளி, எந்திரிங்க, டீ ஆறுது" என்று சித்தி தினமும் எழுப்புவாள். பதினோராம் நாள் பெட்டியோடு தெருவுக்குள் வந்து இறங்கினார். பெட்டியில், அப்பா ஊரின் மறு கோடியில் போய் வாங்கி வைத்திருந்த சாக்லேட். அதை அம்மா வீடு வீடாகக் கொடுத்தாள்.

அடுத்த வீட்டுத் தபால்கார மாமா சாக்லேட்டைச் சப்பிக்கொண்டே கேட்டார்: "அங்க பனி பெஞ்சுதாடா?"

"பெஞ்சது மாமா."

"ஜூன் மாசத்துலயா?"

"மலை மேல, மாமா."

அன்றிலிருந்து நூலகத்துக்குப் போய் அந்த நாட்டைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தார். பொய்யை வெயிலிலும் மழையிலும் காப்பாற்ற வேண்டியிருந்தது. போய்வந்த பன்னிரண்டு பேருக்கும் என்ன சாப்பிட்டோம், என்ன வாங்கினோம் என்பதைத் தவிர வேறெதுவும் ஞாபகமில்லை. போகாத இவருக்கு அந்த ஊர் டிராம் வண்டி எந்த முக்கில் திரும்பும் என்பதுகூடத் தெரியும்.

கல்யாணமான முதல் வருஷம், பீரோவைத் துடைத்தபோது மனைவி கையில் அந்தப் பாஸ்போர்ட் கிடைத்தது. புரட்டிப் பார்த்தாள்.

"விசா இருக்கு. சீல் ஒண்ணையும் காணோமே?"

அவர் சொன்னார். முழுசாகச் சொன்னார். அவள் சிரித்தாள், சிரித்து முடித்து, பீரோக் கதவைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை சிரித்தாள். தெருவில் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் வீட்டுக்குள் அது அவளுக்குக் கிடைத்த ஆயுதம். "குழாயைச் சரி பண்ணிட்டேன்" என்று அவர் சொன்னால் போதும், "நிஜமாவா, இல்ல நீங்க ஃபாரின் போன மாதிரியா?" என்பாள்.

மகள் கேடட் படையில் சேர்ந்தது அவரைக் கேட்டு அல்ல. ஒருநாள் ஸ்டோர் ஜன்னலுக்கு வெளியே வரிசையில் ஒரு கை நீண்டது. "சைஸ் நாலு சார். சீட்டு இருக்கு, பாத்துக்கோங்க." நிமிர்ந்து பார்த்தால் மகள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. பூட்ஸை எடுக்கப் போனவர் அலமாரிக்குப் பின்னால் தேவைக்கு அதிகமான நேரம் நின்றார்.

அவளுக்குப் பதினாறு வயதாகும்போது பயணம் வந்தது. அதுவரை பையன்கள் மட்டும் போய்க்கொண்டிருந்த பயணம். இந்த முறை பாதிக்குப் பாதி பெண்கள் வரவேண்டும் என்று அங்கிருந்து கேட்டிருந்தார்கள். ஆறு பையன், ஆறு பெண். அதற்கடுத்த மார்க் யாருக்கோ அவர் பதிமூன்று என்று மேலிடத்து உத்தரவு. முதல் முகாம் முடிந்து பட்டியலை ஒட்டினார்கள். அரை மார்க்கில் ஆறாவது பெண்ணின் இடத்தைத் தவறவிட்ட மகள் கடைசி வரியில் இருந்தாள்.

"பதிமூணு வீட்டுல பதிமூணு!" என்றார் வேன் டிரைவர். "ராசியான வீடுய்யா உன்னோடது."

"வாயை மூடுங்கண்ணே."

மகள் அதை லேசாகத்தான் எடுத்துக்கொண்டாள். "விடுங்கப்பா. ரெண்டாவது முகாம்ல கிளைடர்ல பதினஞ்சு தடவை ஏத்துவாங்க. எனக்கு அது போதும்."

அவருக்குப் போதவில்லை. அவள் அந்தக் கண்ணாடிக் கதவைத் தாண்டவேண்டும். அதற்கு வேண்டியது பன்னிரண்டு பேரில் ஒரு காய்ச்சல், ஒரு காதடைப்பு. இப்படி நினைப்பது தப்பு என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு நாளும் காலையில் பன்னிரண்டு முகத்தையும் வாட்டம் ஏதும் இருக்கிறதா என்று பார்த்தார்.

இரண்டாவது முகாம் பழைய விமான ஓடுதளம் ஒன்றில் பன்னிரண்டு நாள். விமானக் கொட்டகையை ஒட்டிய அறையில் ஸ்டோர். முகாமில் யாருக்கும் பெயர் கிடையாது. நெஞ்சில் குத்திய எண்தான் பெயர். ஐந்தாம் நாள் மத்தியானம் ஏழு வந்தான். சைக்கிள் ரிப்பேர்க் கடைக்காரர் மகன். நல்ல உயரம், பேசும்போது எச்சில் விழுங்குவான்.

"சார், பூட்ஸ் மாத்தணும். எட்டு சைஸ் வேணும்."

"அஞ்சு நாள்ல கால் வளர்ந்துடுச்சா? என்ன எரு போட்டே?"

ஏழு சிரிக்கவில்லை. பழைய ஜோடியை மேஜைமேல் வைத்தான். திரும்பி வரும் பூட்ஸுக்குள் கையை விட்டுப் பார்ப்பது ஸ்டோர் வழக்கம். வலதில் ஒன்றுமில்லை. இடதின் லேஸ் கடைசி ஓட்டை வரை தளர்த்தப்பட்டிருந்தது; உள்துணி கணுக்கால் பக்கம் இழுபட்டுத் தொங்கியது.

"இடது காலைக் காட்டு."

"கதவைச் சாத்தட்டுமா சார்?"

சாத்திவிட்டுக் காட்டினான். கணுக்காலைச் சுற்றிலும் பட்டைத் துணிக்கட்டு. அதை அவிழ்த்தால், வீங்கி, ஊதாவும் மஞ்சளுமாக, இன்னொருத்தருடைய கால் போல இருந்தது. இரண்டாம் நாள் சுவர் தாண்டும்போது இறங்கின இறக்கம்.

"சொல்லிடாதீங்க சார். இன்னும் ஏழு நாள்தான். அங்க போயிட்டா பெரும்பாலும் உட்கார்ந்துதானே இருக்கப் போறோம்? உட்கார்ந்தா வலியே தெரியல சார்."

"டாக்டர் பாக்க மாட்டாரா?"

"கண்ணு, காது, நெஞ்சு, அவ்வளவுதானாம். எடை பாக்கும்போதும் பூட்ஸோடயே ஏறச் சொல்லி ஒரு கிலோ கழிச்சுக்குவாராம். போன தடவை போன அண்ணன் சொன்னாரு."

அது உண்மைதான். எத்தனையோ வருஷமாக அந்த எடை மெஷினைத் தூக்கிக்கொண்டு போகிறவர் அவர்.

"சரி, போ. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"சத்தியமா சார்?"

"சத்தியமாடா. வலது பூட்ஸுல பேப்பர் வச்சுக்கோ, இல்லேன்னா கழண்டு விழும்."

அந்த நிமிஷத்தில் அவர் நிஜமாகவே சொல்வதாக இல்லை. அதை இங்கே எழுதிவைப்பது நியாயம்.

அதற்குப் பிறகு நான்கு நாள் ஸ்டோர் ஜன்னலிலிருந்து பரேட்டைப் பார்த்தார். வரிசையின் கடைசியில், ஒரு அடி தள்ளி, மகள். நான்கு தண்ணீர் குடிக்கப் போனால் அவள் நான்காக நின்றாள். பதினொன்றுக்கு மூக்கில் ரத்தம் வந்தால் பதினொன்றாக நின்றாள். அவர்கள் திரும்பி வந்ததும் தன் ஓரத்துக்குப் போனாள். ஏழு ஓடினான், திரும்பினான், சல்யூட் அடித்தான். அவன் பல்லைக் கடிப்பது தெரிந்தது இவருக்கு மட்டும்தான் என்று இவர் நினைத்துக்கொண்டார்.

ஒன்பதாம் நாள் கோட்டு விநியோகம். பன்னிரண்டு பேரும் வாங்கிக்கொண்டு போனார்கள். கடைசியாக மகள் வந்தாள். கோட்டை வாங்கி முகர்ந்து பார்த்து மூக்கைச் சுளித்தாள். பிறகு ஒரு சீட்டை நீட்டினாள்.

அதில் எழுதியிருந்தது: ஊக்கு – 1.

அவர் ஊக்கை எடுத்துக் கொடுத்தார். அவளே கண்ணாடி இல்லாமல், நாக்கைக் கடித்துக்கொண்டு, பெயர்ப் பட்டையைக் குத்தினாள். பட்டை கொஞ்சம் சாய்ந்திருந்தது. "நேரா இருக்காப்பா?" என்றாள். "இருக்கு" என்றார்.

அவள் போனதும் நீலத் தாளில் ஒரு சீட்டைக் கிழித்தார். கையெழுத்து அடையாளம் தெரியாமலிருக்க அச்செழுத்துப் போல எழுதினார்: '7. இடது கால் பார்க்கவும்.' மறுநாள் மருத்துவப் பரிசோதனை. அதற்கான படிவக் கட்டு ஸ்டோரிலிருந்துதான் போகவேண்டும். ஏழாவது படிவத்துக்குள் சீட்டைச் செருகி, கட்டை மறுபடி தட்டி நேராக்கினார்.

மறுநாள் காலை பத்து மணி. டாக்டர் அவசரக்காரர். "ஏறு. பூட்ஸோட ஏறு. இறங்கு. அடுத்தது." ஆறு பேர் முடிந்தார்கள். ஏழாவது படிவத்தைத் திறந்தவர் சீட்டைப் பார்த்தார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி இன்னொரு தடவை பார்த்தார்.

"பூட்ஸைக் கழட்டு."

"சார்... பூட்ஸோடதானே..."

"கழட்டுப்பா. இடது."

ஸ்டோர்கீப்பர் எடை மெஷினின் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு குனிவதற்கு முன் ஒரு தரம் தலையைத் தூக்கினான். அந்தப் பார்வை இவர் பக்கம் வரவில்லை. வரிசையின் கடைசிக்கு, வாசலுக்கு, பதிமூன்றாவதாக நின்றவளிடம் போனது. தன் பக்கம் வரவில்லையே என்று அவருக்கு ஒரு நிம்மதி. அப்படி ஒரு நிம்மதி வந்தது என்பதைப் பிற்பாடு எத்தனை முறை நினைத்தாலும் அவருக்கு நாக்கு கசக்கும்.

எலும்பில் கீறல் என்று மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து தெரிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. முகாமுக்குக் கூட்டிவந்து, ஏழின் பெட்டியை அடுக்கச் சொல்லிவிட்டார்கள்.

மகள் ஸ்டோருக்கு வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"ஏழு கால் விஷயம் உங்களுக்குத் தெரியுமாப்பா?"

"எனக்கென்ன தெரியும்?"

"எட்டு சைஸ் பூட்ஸ் குடுத்திருக்கீங்க."

"பத்தலைன்னான், குடுத்தேன். ஊர்ல இருக்கிற காலையெல்லாம் நான் ஆராய்ச்சி பண்ணிட்டிருக்க முடியுமா?"

"டாக்டர் மேஜையில ஒரு சீட்டு இருந்துச்சு."

"ஆயிரம் சீட்டு இருக்கும்."

"நீலத் தாள்ப்பா."

தூரத்தில் யாரோ விசில் ஊதினார்கள். அவர் ஒரு கூடாரக் கயிற்றை எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தார். ஏற்கெனவே சுருட்டி வைத்திருந்த கயிறு.

"நீ போய்ப் பெட்டியை அடுக்கும்மா. கேள்வி கேட்டுட்டு நிக்கிற நேரமா இது? எப்ப வேணும்னாலும் கூப்பிடுவாங்க."

அவள் அந்தக் கயிற்றைப் பார்த்தாள். அப்புறம் போய்விட்டாள். வெளியே வேன் கிளம்பும் சத்தம், பிள்ளைகளின் இரைச்சல், ஒரு குரல் மட்டும் உயர்ந்து உடைந்தது. ஏழாம் எண் பையனை ஏற்றிவிடுகிறார்கள். அவன் முகத்தில் விழிக்க இவருக்குத் தெம்பில்லை. கதவைச் சாத்தி, காதில் போனை அழுத்திக்கொண்டு மனைவியைக் கூப்பிட்டார்.

"உன் பொண்ணு போறா."

"எங்க போறா?"

"எங்கயா? ஏரோப்ளேன்லடி. ஒரு பையனுக்குக் கால் ஒடிஞ்சுபோச்சு. இவதான் அடுத்தது. நிஜமாவே போறா."

அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு குரலில், "இவளுக்காவது சீல் விழுமா?" என்றாள்.

"விழும்டி. பளிச்சுனு விழும்."

ஒரு மணி நேரத்தில் தெருவுக்கே தெரிந்துவிட்டது. ஃபாரின் பொண்ணும் ஃபாரின்.

சாயங்காலம் ஐந்து மணிக்குப் பெரிய ஆபீசர் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் வாழ்நாள் பூராவும் அவரைத் திட்டிக்கொண்டாவது காலம் தள்ளியிருக்கலாம். மேஜைமேல் ஒரு தாள் கிடந்தது. யார் யார் எந்த வீட்டில் தங்குவது என்ற ஒதுக்கீடு.

"ஏழும் எட்டும் ஒரே வீடு, ஒரே ரூம்" என்றார் ஆபீசர். "ரெண்டும் பையன். அந்த இடத்துக்கு உங்க பொண்ணை எப்படி அனுப்பறது?"

அவருக்கு முதலில் புரியவில்லை. "பதிமூணாவது ஆள் எந்த இடத்துக்கும் போகலாமே சார்?"

"அது பசங்க மட்டும் போன காலத்துல. இந்தத் தடவை ஒரு பொண்ணு விழுந்தாத்தான் இன்னொரு பொண்ணு. உத்தரவு எழுதினவங்களுக்கும் தோணலை, எனக்கும் தோணலை."

"எனக்கும் தோணலை சார்."

"அங்க போன் பண்ணிக் கேட்டுட்டேன். வேற வீடு இல்லைன்னுட்டாங்க. இன்னொரு பையனுக்கு விசா வாங்க நாளும் இல்லை. பதினோரு பேர்தான் போறாங்க."

"அப்ப அந்த இடம்?"

"காலியாப் போகும்."

ஆபீசர் ஏதோ ஆறுதல் சொன்னார். அவர் காதில் விழவில்லை. முப்பது வருஷம் பதிமூன்றாம் ஆளாகவே வாழ்ந்தவர், பதிமூன்றாம் ஆளின் கணக்கு மாறிப்போனதைக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் ஏழு இன்னமும் பல்லைக் கடித்துக்கொண்டு வரிசையில் நின்றிருப்பான்.

மிச்சமிருந்த இரண்டு நாளும் மகளிடம் யாரும் பேசவில்லை. சாப்பாட்டு மேஜையில் அவளுக்கு இந்தப் பக்கம் ஒரு ஆள் இடம், அந்தப் பக்கம் ஒரு ஆள் இடம் காலி. பாவம் பார்த்து ஒதுங்குகிறார்கள் என்று அவர் நினைத்தார். அவர் காலத்திலும் அப்படித்தான். பதிமூன்றாம் ஆளிடம் என்ன பேசுவது என்று யாருக்கும் தெரியாது.

ஏர்போர்ட்டில் பதினோரு பேரும் வரிசையாக உள்ளே போனார்கள். ஒருவரும் திரும்பிப் பார்த்துக் கையசைக்கவில்லை. கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது, தானாக மூடியது. மகள் ஊக்கைக் கழற்றிப் பெயர்ப் பட்டையைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

வேனில் மூன்று பேர். டிரைவர் ஏதோ தமாஷ் சொல்ல வாயெடுத்து, கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ரேடியோவைத் திருப்பினார். மனைவி மூன்று தடவை போன் பண்ணிவிட்டாள். மூன்று தடவையும் ஒரே யோசனை. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு அதைச் சொன்னார்.

"மாமா வீட்டுல ஒரு பத்து நாள் இருந்துட்டு வர்றியாம்மா?"

"எதுக்கு?"

"தெருவுல... உங்கம்மா சொல்லி வச்சுட்டா."

அவள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. "டிரைவர் மாமா, தெருமுனையில நிறுத்துங்க" என்றாள்.

இறங்கி, கோட்டைப் போட்டபடியே, தெருவின் நடுவில் நடந்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால். மத்தியான வெயிலில் எல்லா வாசலும் திறந்திருந்தது.

"என்ன கண்ணு, ஏரோப்ளேன் ஏறலையா?"

"ஏறலை அத்தை."

"நாளைக்கா?"

"நாளைக்கும் இல்லை."

ஒவ்வொரு வாசலிலும் நின்று, ஒவ்வொருத்தருக்கும் பதில் சொன்னாள். தபால்கார மாமா இப்போது கிழவர். கம்பை ஊன்றி எழுந்து வந்தார். "ஏறலையா? உங்கப்பன் உன் வயசுல ஏறினானே!"

அவள் நின்றாள். அவர் பெட்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"அப்பாவையே கேளுங்க தாத்தா" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

கிழவர் இவரைப் பார்த்தார். "அது அந்தக் காலம் மாமா" என்றார் இவர்.

அடுத்த வாரம் ஸ்டோர் ஜன்னலில் அந்தக் கை மறுபடி நீண்டது. மடித்த கோட்டு, பூட்ஸ், தொப்பி, பெல்ட். மேலே ஒரு சீட்டு: 'திருப்பி ஒப்படைத்தது.' "கையெழுத்துப் போடுங்க" என்றாள். போட்டார். கேடட் படைக்கு அதற்குப் பிறகு அவள் வரவில்லை. வீட்டில் சண்டையும் இல்லை, சச்சரவும் இல்லை. "அப்பா, போன் அடிக்குது." "அப்பா, சாவி." வேண்டிய அளவுக்கு அப்பா என்றாள், அதற்கு மேல் ஒரு சொட்டு இல்லை. பிறகு வேறு ஊரில் கணக்குப் படிக்கப் போனாள். போன் பண்ணினால், "அம்மா இருக்காங்களா?" என்பாள். மனைவிகூட இப்போது ஃபாரின் பற்றிக் கேலி செய்வதில்லை. கேலி செய்திருந்தால் அவர் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பார்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு மத்தியானம், ஆபீஸ் சைக்கிள் பஞ்சராகி அவர் தள்ளிக்கொண்டு போய் நின்ற கடையில் ஏழு உட்கார்ந்திருந்தான். அது ஏழின் கடை என்று தெரிந்திருந்தால் இன்னும் நாலு தெரு தள்ளிக்கொண்டே போயிருப்பார். அவன்தான் முதலில் அடையாளம் கண்டான்.

"சார்! வாங்க சார். இப்படி நிழலுக்கு வாங்க."

"கால் எப்படிப்பா இருக்கு?"

"கூடிடுச்சு சார். மழை வந்தா மட்டும் ஞாபகப்படுத்தும்."

ட்யூபை உருவிக் காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினான். குமிழி வருகிறதா என்று இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் தலையைத் தூக்காமலே பேசினான்.

"உங்க மேல எனக்கு எந்த வருத்தமும் இல்லை சார். நீங்க வார்த்தை குடுத்தீங்க, காப்பாத்தினீங்க. உங்க பொண்ணுகிட்டதான் நான் ஒரு மன்னிப்புக் கேக்கணும். மூணாம் நாள்லேருந்து தினமும் காலையில எனக்குக் காலைக் கட்டி விட்டது அதுதான் சார். உங்களை விட்டா அது ஒருத்திக்குத்தானே தெரியும்னு, வேன் ஏறும்போது எல்லார் முன்னாடியும் கேட்டுட்டேன், 'நீதானே சொன்னே'ன்னு. வாய்க்கு வந்ததையெல்லாம் பேசிட்டேன்."

"அவ என்ன சொன்னா?"

குமிழி வந்த இடத்தில் ஏழு விரலை வைத்து அழுத்திக்கொண்டான்.

"'ஆமா, நான்தான் சொன்னேன்'னுச்சு சார். 'சீட்டு எழுதி வச்சது நான்தான், எங்கப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது'ன்னுச்சு."